பூட்டியவர்தான் திறக்க வேண்டும்

காஞ்சன்பாக்,
5 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

நீ போனை எடுப்பதில்லை. மூன்று வாரமாக அடித்துப் பார்த்துவிட்டேன். அத்தானைக் கூப்பிட்டால், "அவ தூங்குதாடே" என்கிறார். காலை பத்து மணிக்கும் அதே பதில், சாயங்காலம் ஆறு மணிக்கும் அதே பதில். அதனால்தான் தபால். ஹப்சிகுடா ஒன்றும் தூர தேசம் இல்லை, ஸ்கூட்டரில் ஒரு மணி நேரம். வந்து நின்றால் கதவைத் திறக்காமல் விட்டுவிடுவாயோ என்ற பயம்தான் என்னை உட்கார்த்தி வைத்திருக்கிறது.

தையல் பிரித்தாயிற்று என்று பிளெசி சொன்னாள். கட்டைவிரல் அசைகிறதா? உன் மகளிடம் நான் தமிழில் கேட்டால் அவள் பாதி தெலுங்கில், பாதி இங்கிலீஷில் சொல்கிறாள். உன் உடம்பைப் பற்றி அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேன்.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. டிசம்பர் பதினாலாம் தேதி நீ ஸ்ட்ரெச்சரில் வெளியே வந்த நேரத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் சபை ஆட்கள் அத்தனை பேர் நிற்க, "சுத்துற மெஷின்ல நூல் கிளவுஸ் போடக் கூடாதுன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்" என்று நான் கத்தியிருக்கக் கூடாது. பதினாறு வருஷமாக ஃபேக்டரியில் சேஃப்டி சூப்பர்வைசர். வாயைத் திறந்தால் அதுதான் வருகிறது. சொன்ன இடம் தப்பு, சொன்ன நேரம் தப்பு. மன்னித்துவிடு.

இந்தத் தடவை கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு மேடை இல்லை. நீ பாதி அறுத்த ப்ளைவுட்டை ஓரமாகச் சாய்த்துவிட்டு ஒரு திரையைக் கட்டினார்கள். பிள்ளைகள் அதன் முன்னால் நின்று பாடினார்கள்.

அன்று நீ ப்ளைவுட் அறுத்த என் கை கிரைண்டர் உன் வீட்டுப் பால்கனியில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. யாரும் தொட வேண்டாம். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

உன் தம்பி,
கிதியோன்

ஹப்சிகுடா,
16 பிப்ரவரி 2025

கிதியோனுக்கு,

இதை உனக்காக எழுதவில்லை. ஹர்ஷிதா என்ற பெண் என் கைக்குப் பயிற்சி கொடுக்கிறாள். தினம் ஒரு பக்கம் எழுதியே ஆக வேண்டும் என்கிறாள். பேனாவில் துணியைச் சுற்றி வெண்டைக்காய்ப் பருமனுக்கு ஆக்கிக் கொடுத்திருக்கிறாள். யாருக்கு எழுதுவது என்று பார்த்தேன். உன் கடிதம்தான் பதில் இல்லாமல் கிடந்தது. "மாமா கைக்கு லெட்டர் போடுறாங்க? போன் நக்கோவா?" என்று பிளெசி தன் ஹைதராபாத் பாஷையில் சிரிக்கிறாள், எதற்கு லெட்டர், போன் வேண்டாமா என்று.

கட்டைவிரல் மடங்கவில்லை. ஆள்காட்டி விரல் பாதி வருகிறது. கிளவுஸ் என் தப்பு. அதை உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன். நூல் பிளேடில் சிக்கித்தான் கை உள்ளே போனது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்கு மெஷினில் கார்டு இருந்ததா? பிளேடைப் பாதி மூடியிருக்குமே, அந்த இரும்பு மூடி. இல்லை என்றுதான் என் ஞாபகம். பிளேடின் பல் சுற்றிலும் தெரிந்தது. ஆனால் மறுநாள் உன் அத்தான் பெட்டியைத் திறந்து பார்த்தபோது கார்டு இருந்ததாம். நீயும் இருந்தது என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாய். மயக்க மருந்து புத்தியைக் குழப்பும் என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள்.

பத்தாம் வகுப்புக்குப் பௌதிகம் எடுக்கிறவள் நான். என் கண் பார்த்ததை நானே நம்பக் கூடாது என்றால் வகுப்பில் போய் எதைச் சொல்லிக் கொடுப்பது? கை போனதைவிட இது என்னை அரிக்கிறது.

இவ்வளவுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. வலிக்கிறது.

ஜெயசுந்தரி

காஞ்சன்பாக்,
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

உன் எழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் என்ன, எழுதினாயே.

கார்டு இருந்தது அக்கா. அதிர்ச்சியில் மனசு எதை எதையோ மாற்றிப் போடும். ஃபேக்டரியில் எத்தனை பேரை விசாரித்திருக்கிறேன். விபத்தில் மாட்டியவர் சொல்வதும் பக்கத்தில் நின்றவர் சொல்வதும் ஒருநாளும் ஒத்துப் போனதில்லை. அதைப் போட்டு உழப்பாதே. பயிற்சியில் கவனம் வை. சத்தாகச் சாப்பிடு.

மார்ச் நாலாம் தேதி பாதுகாப்பு தினம். இந்த வருஷம் நான்தான் பேச வேண்டும். அந்த வேலையில் ஓடிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் வருகிறேன்.

கிதியோன்

ஹப்சிகுடா,
16 மார்ச் 2025

கிதியோனுக்கு,

சபைக் கமிட்டி கூடியிருக்கிறது. இனிமேல் சபை வேலைகளில் பெண்கள் மின் கருவிகளைத் தொடக் கூடாது என்று தீர்மானம். மே நாலாம் தேதி வருடாந்தரக் கூட்டத்தில் வைத்து உறுதிப்படுத்துவார்களாம். செயலர் வீட்டுக்கே வந்து பக்குவமாகச் சொல்லிவிட்டு, கருவி அலமாரியின் சாவியை வாங்கிக்கொண்டு போனார். உன் அத்தான் அவருக்குக் காபி கொடுத்தார்.

ஆறு வருஷம். நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து ஆறு மேடை போட்டிருக்கிறோம். முதல் வருஷம் எங்களிடம் சுத்தியலைத் தரவே யோசித்தார்கள். இப்போது என் ஒரு கையைக் காட்டி ஐந்து பேரையும் சமையலறைக்கு அனுப்புகிறார்கள். மற்ற நாலு பேர் முகத்தையும் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சரியான மெஷினை, கார்டு போட்ட மெஷினை, கவனமில்லாமல் பிடித்து இப்படிச் செய்துகொண்டாள் என்றுதானே பேச்சு. நீ சொன்ன கதை அது. எனக்கும் வேறு கதை சொல்லத் தெரியவில்லை.

பயத்தில் அந்தப் பால்கனிக் கதவைத் திறப்பதையே நிறுத்திவிட்டேன். பயப்படுகிற பொருளைத் தொட்டுத் துடைத்துப் பழகு என்கிறாள் ஹர்ஷிதா. கிரைண்டரை எப்படிச் சுத்தம் செய்வது என்று எழுது.

ஜெயசுந்தரி

காஞ்சன்பாக்,
19 மார்ச் 2025

அக்கா,

தயவுசெய்து அதைத் திறக்காதே.

சுத்தம் செய்ய நிறைய முறை இருக்கிறது. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டோமா என்று முதலில் பார்க்க வேண்டும். சுவிட்ச் அணைந்திருந்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. அந்த மாடலில் சுவிட்சை முன்னால் தள்ளினால் அப்படியே மாட்டிக்கொள்ளும், கையை எடுத்தாலும் மெஷின் ஓடும். உனக்குத் தெரியாததா. வயர் எங்காவது பிய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றுப் போகிற துளைகளில் தூசி அடைத்திருந்தால் பிரஷ்ஷால் தட்ட வேண்டும், தண்ணீர் படக் கூடாது. டிஸ்க்கில் கீறல் இருந்தால் தூக்கிப் போட வேண்டும். இதெல்லாம் ஒற்றைக் கையால் செய்கிற வேலை இல்லை. பழகுவதற்கு வேறு ஏதாவது எடுத்துக்கொள். மிக்ஸியைத் துடை.

ஃபேக்டரியில் ஒரு மெஷினை யாராவது திறந்து வேலை பார்த்தால் அதில் அவர் பெயர் எழுதிய சிவப்புப் பூட்டு தொங்கும். பூட்டியவர்தான் திறக்க வேண்டும். ஜெனரல் மேனேஜரே வந்தாலும் மற்றவர் பூட்டில் கை வைக்கக் கூடாது. அந்த மாதிரி நினைத்துக்கொள், அந்தப் பெட்டியில் என் பூட்டு தொங்குகிறது என்று. சனிக்கிழமை வருகிறேன்.

கமிட்டி விஷயம் கேட்டு வருத்தப்பட்டேன். செயலரிடம் பேசிப் பார்க்கிறேன்.

கிதியோன்

ஹப்சிகுடா,
6 ஏப்ரல் 2025

கிதியோனுக்கு,

நீ சனிக்கிழமை வந்ததும், மூன்று தடவை பெல் அடித்ததும் எனக்குத் தெரியும். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அதற்கு முந்தின நாளே பெட்டியைத் திறந்துவிட்டேன்.

பார்த்ததை எழுதுகிறேன். மெஷினின் உடம்பு முழுக்க மரத்தூள். கைப்பிடியிலும் காற்றுத் துளைகளிலும் என் ரத்தம் கறுத்துக் காய்ந்து, மரத்தூளோடு சேர்ந்து களிம்பு மாதிரி இருக்கிறது. கார்டு இருக்கிறது. கார்டில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. உள்பக்கம் விரலை விட்டுத் தடவினேன், சுத்தம். ஸ்க்ரூவின் தலையில் புதுக் கீறல். மாட்டியிருப்பது இரும்பு வெட்டுகிற நாலு இன்ச் டிஸ்க், ஒரு தரம்கூட ஓடாதது. மரம் அறுத்த பல் பிளேடு பெட்டியில் இல்லை.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். வருத்தத்தில் இல்லை. என் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்த நிம்மதியில்.

பிளெசியின் டிரங்குப் பெட்டிக்கு நீ வாங்கித் தந்தாயே, சிவப்புப் பூட்டு, அதை எடுத்துப் பெட்டியைப் பூட்டிவிட்டேன். ஒரு துணியில் என் பெயரை எழுதிக் கட்டியிருக்கிறேன். இனி அதில் தொங்குவது என் பூட்டு.

ஜெயசுந்தரி

காஞ்சன்பாக்,
18 ஏப்ரல் 2025, பெரிய வெள்ளி

அக்கா,

பத்து நாளாக இதை எழுதி எழுதிக் கிழித்தேன். இன்று மூன்று மணி நேர ஆராதனையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

கார்டு இல்லை. நான்தான் கழற்றினேன்.

சபையின் மரம் அறுக்கிற மெஷினில் கார்பன் பிரஷ் தேய்ந்து நவம்பரிலேயே நின்றுவிட்டது உனக்குத் தெரியும். மோட்டாருக்குள் மின்சாரம் கொடுக்கிற, சுண்டுவிரல் நகம் அளவு கரித்துண்டு. ராணிகஞ்சில் எந்தக் கடையிலும் கிடைக்கும். நான் வாங்கிப் போடுகிறேன் என்று உன்னிடம் சொல்லி ஒரு மாதம் இழுத்தேன். அந்தச் சனிக்கிழமை உன் மொட்டை மாடியில் நீ ப்ளைவுட்டோடு நிற்கிறாய், என் கையில் சரி செய்த மெஷின் இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் வரும் வழியில் அஞ்சு இன்ச் பல் பிளேடு ஒன்று வாங்கி, நாலு இன்ச் கிரைண்டரில் மாட்டினேன். கார்டு இருந்தால் அந்த பிளேடு சுற்றாது. கழற்றி ஸ்கூட்டர் டிக்கியில் போட்டேன். ஃபேக்டரியில் எவனாவது இதைச் செய்திருந்தால் அன்றைக்கே அவனை கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருப்பேன்.

நாலு வெட்டு நானே வெட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தைரியத்தில், மீதி இரண்டு வெட்டுத்தானே என்று உன் கையில் கொடுத்துவிட்டு, நட்சத்திரத்துக்கு பல்பு வாங்கக் கடைக்குப் போனேன். நீ கிளவுஸ் மாட்டுவதை நான் பார்த்தேன் அக்கா. பார்த்துவிட்டுச் சும்மா போனேன். கார்டு இல்லாத மெஷினைக் கொடுத்துவிட்டு கிளவுஸைப் பற்றி எந்த வாயால் பேசுவது?

திரும்பி வந்தபோது பிளெசி அலறிக்கொண்டிருந்தாள். ப்ளைவுட் பிளேடைக் கவ்வி மெஷின் எகிறியதையும், விழப்போன மெஷினை நீ வலது கையால் பிடிக்கப் போனதையும் அவள்தான் சொன்னாள்.

நீ ஆபரேஷனில் இருந்தபோது, இன்ஷூரன்ஸ் அட்டையை எடுத்து வருகிறேன் என்று அத்தானிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அட்டையை எடுக்க இரண்டு நிமிஷம் போதும். மீதி நேரம் அதே மொட்டை மாடியில் உட்கார்ந்து பிளேடைக் கழற்றி, புது டிஸ்க்கைப் போட்டு, டிக்கியிலிருந்து கார்டை எடுத்து மாட்டி, பெட்டிக்குள் வைத்தேன். ஸ்க்ரூடிரைவர் வழுக்கிக்கொண்டே இருந்தது. அந்தக் கீறல் அதுதான். மெஷினில் உன் ரத்தம் அப்போது காயவில்லை.

போலீஸுக்குத் தகவல் போகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சேஃப்டி சூப்பர்வைசர் கார்டைக் கழற்றினான் என்று ஃபேக்டரிக்குத் தெரிந்தால் வேலை என்ன ஆகும் என்று பயந்தேன். உன் விரல் தையலில் இருக்கும்போது நான் என் வேலையை நினைத்தேன். அதன் பிறகு வராந்தாவில் கிளவுஸ், கிளவுஸ் என்று கத்தினேன். யாரும் வேறு எதையும் கேட்கக் கூடாது என்பதற்காகக் கத்தினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. பாதுகாப்பு தினத்தில் நானூறு பேர் முன்னால் உன் கதையைச் சொன்னேன். "என் சொந்த அக்கா, நூல் கிளவுஸ் போட்டுக்கிட்டு" என்று குரல் தழுதழுக்கப் பேசினேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். சிறந்த உரை என்று ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதை மாட்ட முடியாமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அங்கிருந்தும் அது ஓடுகிற சத்தம் கேட்கிறது.

பிளேடு என் ஆபீஸ் டிராயரில் செய்தித்தாளில் சுற்றி இருக்கிறது. ஒரு பல்லில் உன் கிளவுஸின் நூல் இருக்கிறது. தூக்கிப் போட முடியவில்லை.

என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன்.

கிதியோன்

ஹப்சிகுடா,
24 ஏப்ரல் 2025

கிதியோனுக்கு,

படித்தேன். இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை.

நீ கார்டைக் கழற்றியதை நான் மன்னித்துவிடுவேன். அவசரத்தில் எவரும் செய்வதுதான், நானும் மூடாத பிளேடைப் பார்த்துவிட்டுத்தானே மெஷினைக் கையில் வாங்கினேன். தம்பி கொடுக்கிறான், அவனுக்குத் தெரியாததா என்று நினைத்தேன். கேட்டிருக்க வேண்டும். அது என் பங்கு.

ஆனால் பிப்ரவரியில் இந்தக் கையால் முக்கால் மணி நேரம் எழுதி உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நீ "இருந்தது அக்கா" என்று எழுதினாய். அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் பாடம் எடுக்கும்போதுகூட, போர்டில் எழுதியது சரியா என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்தேனா என்று நாலு தடவை போய்ப் பார்ப்பேன். பிளேடு என் விரலை அறுத்தது, கிதியோன். நீ என்னையே எனக்குச் சந்தேகமாக்கினாய்.

மே நாலாம் தேதி கூட்டத்துக்கு வா. அந்த பிளேடைக் கொண்டு வா. எனக்கு எழுதியதை அங்கே சொல். கிளவுஸையும் சேர்த்தே சொல், அதை நான் மறைக்கச் சொல்லவில்லை. தீர்மானம் எழுந்து நிற்பது உன் பொய்யின் மேல். நீதான் அதை உருவி எடுக்க வேண்டும்.

வராவிட்டால் நான் சொல்லப் போவதில்லை. தம்பியைக் காட்டிக் கொடுத்தாள் என்ற பேச்சையும் என் தலையில் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

ஜெயசுந்தரி

காஞ்சன்பாக்,
9 மே 2025

அக்கா,

கூட்டம் முடிந்து நீ என்னிடம் பேசாமல் போய்விட்டாய். அதைக் குறை சொல்லி எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை ஃபேக்டரியிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். கடிகாரத்தையும் மேலதிகாரி மேஜையில் வைத்தேன். என்னை சேஃப்டி பிரிவிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாற்றியிருக்கிறார்கள். விசாரணை முடிந்த பிறகுதான் மற்றது. இப்போது கிளவுஸையும் கண்ணாடியையும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சபை மெஷினுக்கு கார்பன் பிரஷ் வாங்கிப் போட்டுவிட்டேன். பத்து நிமிஷ வேலை. நவம்பரில் அந்தப் பத்து நிமிஷத்தை நான் ஒதுக்கவில்லை.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். அந்தப் பூட்டின் சாவியை பிளெசியிடம் கொடுத்து அனுப்பு. கிரைண்டரை எடுத்துப் போய் உடைத்துவிடுகிறேன். அது உன் வீட்டில் இருக்கும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

கிதியோன்

ஹப்சிகுடா,
25 மே 2025

தம்பி கிதியோனுக்கு,

துணி சுற்றாத பேனாவால் எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

அன்று நீ மேஜையில் அந்தச் செய்தித்தாளைப் பிரித்து பிளேடை வைத்தபோது உன் முகத்தைப் பார்க்காமல் உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எதையும் குறைத்துச் சொல்லவில்லை. கடிகாரம் வரைக்கும் சொன்னாய். பின் வரிசையில் இருந்த பிளெசி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அப்புறம் நடந்ததை நீயும் பார்த்தாய். எல்லாரும் எழுந்து வந்து உன் முதுகில் தட்டினார்கள். எவ்வளவு பெரிய மனசு, இந்தக் காலத்தில் யார் ஒத்துக்கொள்கிறார்கள் என்றார்கள். போதகர் உனக்காக ஜெபித்தார். என்னிடம் வந்து, உன்னைத் தப்பாகப் பேசிவிட்டோம் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. அதன் மேல் செயலர் வேறு, "இருந்தாலும் பொம்பளைகளுக்கு எதுக்கு இந்த ரிஸ்க், தீர்மானம் அப்படியே இருக்கட்டும்" என்று ஆரம்பித்தார்.

அப்போது நான் பேசியது உன் மேல் உள்ள கோபத்தில் இல்லை. உனக்கு அப்படிப் பட்டிருந்தால் சொல்லிவிடுகிறேன். "கார்டைக் கழற்றினது ஆம்பள. அப்ப ஆம்பளைங்க மெஷினைத் தொடக் கூடாதுன்னு போடுங்க" என்றேன். சிரித்தார்கள். நான் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தேன், சிரிப்பு நின்றது. தீர்மானத்தைக் கைவிட்டு, யாராக இருந்தாலும் கார்டு இல்லாத மெஷினைத் தொடக் கூடாது என்று எழுதிக்கொண்டார்கள். அலமாரிச் சாவி போன வாரம் வீட்டுக்கு வந்தது. இந்தத் தடவை செயலருக்குக் காபி கொடுக்க உன் அத்தான் எழுந்திருக்கவில்லை.

நீ கேட்ட சாவியை அனுப்ப மாட்டேன். பூட்டியவர்தான் திறக்க வேண்டும் என்று எழுதியவன் நீ.

உடைக்கவும் வேண்டாம். உடைத்துவிட்டால் உனக்கு வேலை முடிந்தது. எனக்கு முடியாது. அதை நன்றாகத் துடைத்து, இரும்பு வெட்ட மட்டும் என்று எழுதி சபை அலமாரியில் வைக்க வேண்டும். மேடைக்கு இன்னும் இரண்டு வெட்டு பாக்கி இருக்கிறது, அதை நீ பிரஷ் மாற்றிய மெஷினில் நான் வெட்ட வேண்டும். நீ பக்கத்தில் நிற்க வேண்டும், பல்பு வாங்கப் போகாமல்.

ஆனால் இப்போது முடியாது. அந்தப் பூட்டைப் பூட்டுவது சுலபமாக இருந்தது, உள்ளங்கையால் அமுக்கினேன், பூட்டிக்கொண்டது. திறக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சாவியைத் திருப்ப வேண்டும். ஹர்ஷிதா எனக்கு வைத்திருக்கிற கடைசிப் பரீட்சையும் அதுதான். தினம் காலையில் பால்கனிக்குப் போய் சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்க்கிறேன். சாவி அசைகிறது, திரும்பவில்லை. இடது கையால் ஒரு நொடியில் திறந்துவிடலாம். திறக்க மாட்டேன்.

உன் மேல் உள்ள மனத்தாங்கலும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கிறது. அவசரப்படுத்தாதே. கடிதம் போடாதே. வந்து பெல் அடிக்காதே.

திறக்கிற அன்றைக்கு நானே போன் அடிப்பேன். எடு.

அக்கா,
ஜெயசுந்தரி